முதல் பூச்சு மட்டி ஓட்டுக்கு

என் தையல் மிஷினுக்குப் பக்கத்து ஜன்னல் திண்டில் 43 மட்டி ஓடுகள், அதாவது சின்னச் சிப்பிகள், வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு நிறம். ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் ராமேஸ்வரத்துக் கடையில் வாங்கிய அலங்காரச் சாமான் என்று நினைத்துக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். அது என் நெயில் பாலிஷ் கணக்கு. மூன்று வருடமாக வீட்டுக்கு வந்த ஒவ்வொரு நிறமும் அதில் இருக்கிறது.

நான் இருப்பது ராமேஸ்வரத்துக்கு முன்னால் வரும் மண்டபம் என்ற ஊரில். நாங்கள் மூன்று பேர் காசு போட்டு ஒரு பியூட்டி பாக்ஸ் வாங்குகிறோம்: நான், நண்டு கம்பெனி வேலைக்குப் போகும் என் அண்ணி, கீழக்கரையில் இருக்கும் என் கல்லூரித் தோழி. மாதாமாதம் பணம் கட்டினால் நாலைந்து சாமான் ஒரு பெட்டியில் வரும். எது வரும், என்ன நிறம் வரும் என்பது அனுப்புகிறவர்கள் கையில். சிலருக்கு இது பிடிக்காது. எனக்கு இதுதான் பிடித்தது. கடையில் போய் நின்றால் என் கை தானாக மெரூன் பக்கம்தான் போகும். மயில்கழுத்து நீலமும், செம்பு கலந்த பச்சையும், பழுத்த மாம்பழ மஞ்சளும் நான் காசு கொடுத்து எடுத்திருக்கவே மாட்டேன். பெட்டியில் வந்ததால் பூசிப் பார்த்தேன். அந்த மஞ்சள் என் கறுப்புக் கைக்கு எப்படி எடுத்தது தெரியுமா! அன்றிலிருந்து, ஒரு நிறத்தைப் பூசிப் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்வதில்லை.

பெட்டி வந்ததும் பூச உட்கார்ந்துவிடாதீர்கள். நெயில் பாலிஷ் தீப்பிடிக்கும் திரவம் என்பதால் விமானத்தில் ஏற்றக் கட்டுப்பாடு உண்டு. பெரும்பாலும் தரை வழியாகத்தான் வரும். வெயிலில் லாரியில் குலுங்கி, பாம்பன் பாலம் பக்கம் எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது மூடி தளர்ந்திருக்கலாம். ஒரு முறை பாட்டில் விரிசல் விட்டு, கூட வந்த பவுடர் டப்பா முழுக்கக் கத்தரிப்பூ நிறத்தில் ஒட்டிப்போய் வந்தது. பிரித்த பிறகு எடுத்த படத்தை அந்தக் கம்பெனி ஏற்கவில்லை. அப்புறம், பெட்டியின் டேப்பை வெட்டுவதிலிருந்தே போனில் வீடியோ எடுக்கப் பழகிக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அடுத்து, பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்று இருக்கும். திறந்த டப்பா மாதிரி ஒரு சின்னப் படத்துக்குள் 12எம், 24எம் என்று இருந்தால், திறந்தபின் அத்தனை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று பொருள். ஜெல் என்றோ, யுவி, எல்இடி என்றோ இருந்தால் நிறுத்துங்கள். அது காற்றில் காயாது, அதற்கென்று உள்ள விளக்கு வெளிச்சத்தில்தான் இறுகும். நான் இது தெரியாமல் ஒரு ரோஸ் ஜெல்லைப் பூசிவிட்டு இரண்டு மணி நேரம் கையை விரித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அது நேரம் வீணான விஷயம் மட்டும் இல்லை. இறுகாத ஜெல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் அரிப்பு, ஒவ்வாமை வரலாம். ஒரு தடவை ஒத்துக்கொள்ளாமல் போனால் அப்புறம் எப்போது பட்டாலும் வரும். விளக்கு இல்லாத வீட்டில் ஜெல் வேண்டாம்.

சரி, இப்போது மட்டி ஓடு. நிறம் பார்க்க பிளாஸ்டிக் நகங்கள் விற்கிறார்கள். ஆனால் அசிட்டோன் ரிமூவர் பட்டால் பல பிளாஸ்டிக்கும் இளகி மொழுமொழுவென்று ஆகிவிடும். மட்டி ஓடு சுண்ணாம்பு. அசிட்டோன் அதை ஒன்றும் செய்யாது. துடைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பூசலாம். அதன் முதுகு நகம் மாதிரியே வளைந்திருக்கும். குழம்பு வைத்த பிறகு மீந்த ஓட்டிலேயே பொறுக்கிக்கொள்ளுங்கள். கோடு கோடாக இருப்பது வேண்டாம், வழவழப்பாக, வெள்ளையாக, பெருவிரல் நகத்தளவு இருப்பது போதும். சோப்பு நீரில் ஓர் இரவு ஊற வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, மாடியில் ஒரு பகல் காய வைத்தால் கவிச்சி போய்விடும்.

ஓட்டின் முதுகில் நடுவே கோடு கிழித்தது போல இடது பாதிக்குக் கறுப்பு நெயில் பாலிஷ் பூசிக் காய விடுங்கள். வலது பாதி வெள்ளையாகவே இருக்கட்டும். அதன்மேல் புது நிறத்தை இரண்டு பாதிக்கும் சேர்த்து ஒரே இழுப்பில் இழுங்கள். பாதி நிறங்கள் இங்கேதான் உண்மையைச் சொல்லும். சென்ற மாதம் வந்த ஒன்று பாட்டிலில் சோப்புக் குமிழி மாதிரி ஏதோ மினுங்கியது. வெள்ளைப் பாதியில் பூசியதே தெரியவில்லை, கழுவிய தட்டு மாதிரி இருந்தது. கறுப்புப் பாதியில் நேராகப் பார்த்தால் பச்சை, ஓட்டைச் சாய்த்தால் ஊதா, இன்னும் சாய்த்தால் செம்பு. டியூவோகுரோம் என்று எழுதியிருந்தால் அடியில் கறுப்பு பூச வேண்டும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த ஓடுதான். வெறும் நகத்தில் பூசியிருந்தால் இது மட்டம் என்று பாட்டிலை மூலையில் போட்டிருப்பேன்.

ஓட்டின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள்: தேதி, எத்தனை பூச்சில் நிறைந்தது, தொட்டால் ஒட்டாமல் இருக்க எத்தனை நிமிடம் ஆனது. ஹோலோகிராபிக் வகை என்றால் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பாருங்கள். டியூப் லைட்டில் வெறும் சாம்பலாகத் தெரியும். எங்கள் ஊர்ப் பத்து மணி வெயிலில் ஓட்டின் மேல் வானவில் ஓடும்.

ஓட்டில் பிடித்துப்போன பிறகு ஒரே ஒரு விரல். நான் இடது கை மோதிர விரலில் பூசி ஒரு நாள் முழுக்க அதோடு வேலை செய்வேன். துணி வெட்டும்போதும், அரிசி களையும்போதும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும் அல்லவா, இரவுக்குள் பிடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். எங்களைப் போன்ற கறுப்பு நிறத்துக்கு வெளிர் ரோஸ், தோல் நிறம் என்று வருவதெல்லாம் பல சமயம் சாக்பீஸ் தூள் படிந்தது போல் நிற்கும். அது கையின் குறை இல்லை. அந்த நிறத்தில் வெள்ளை அதிகம். அதையே செம்பு, இலவங்கப்பட்டை, பழுப்பு கலந்து வந்ததில் பாருங்கள், விரல் நீண்டது போல் தெரியும். நியான் மஞ்சளும் ஆரஞ்சும் எங்களுக்கு எடுப்பது போல வெளுத்த கைக்கு எடுக்காது என்பது என் முடிவான அபிப்பிராயம்.

இனி பத்து விரலுக்கும் பூசும் முறை. கடற்கரை வீடுகளில் நெயில் பாலிஷ் சீக்கிரம் உரிவதற்குக் காரணம் உப்பு என்று சொல்வார்கள். பாத்திரம் கழுவி, மீன் ஆய்ந்து முடித்த கையோடு பூச உட்காருவதுதான் பெரிய காரணம். நகம் தண்ணீரைக் குடித்து வீங்கும். அதன் மேல் பூசினால், காய்ந்து சுருங்கும்போது பூச்சு விட்டுப்போகும். கை நனைந்து ஒரு மணி நேரமாவது ஆகட்டும். பூசுவதற்கு முன் ஒவ்வொரு நகத்தையும் ரிமூவர் தொட்ட பஞ்சால் துடையுங்கள். தேங்காயெண்ணெயும் மீன் நெய்யும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும்.

நிறத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சான பேஸ் கோட்டைத் தவிர்க்காதீர்கள். அடர் சிவப்பும் நீலமும் நேராகப் பூசினால் நகம் மஞ்சளாகக் கறை பிடிக்கும். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். கறை வளர்ந்து வெளியேற மாதங்கள் ஆகும். அதைச் சுரண்டி எடுக்கப் போனால் நகம் மெலிந்துபோகும். பாட்டிலைக் குலுக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டுங்கள், குமிழி வராது. கெட்டியாக ஒரு பூச்சுக்குப் பதில் மெல்லிசாக இரண்டு, நடுவே மூன்று நிமிடம். நக நுனியின் விளிம்பிலும் பிரஷை ஓட்டுங்கள். அந்த விளிம்பில்தான் உரிதல் தொடங்கும். கெட்டிப்பட்ட பாட்டிலில் ரிமூவர் ஊற்றினால் பூச்சின் பலமே போய்விடும். தின்னர் என்று நெயில் பாலிஷுக்கே தனியாக விற்பதில் இரண்டு சொட்டு போதும்.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஜன்னலை மூடிவிட்டுப் பூசுங்கள். ஈரப் பூச்சில் மணல் விழுந்தால் அப்படியே பதிந்துவிடும். ஆனால் இதன் நெடி தலைக்கு ஏறும், அதனால் காற்று வராத பக்கத்துக் கதவு திறந்திருக்கட்டும், அடுப்பு அணைந்திருக்கட்டும்.

எஃபெக்ட் விஷயத்தில் எனக்கு மனசுக்கு நெருக்கமானது முத்துப் பளபளப்பு. அம்மா நெயில் பாலிஷை இன்றும் கியூடெக்ஸ் என்றுதான் சொல்வார். 1917 வாக்கில் நிறம் கலந்த திரவப் பூச்சை விற்ற அமெரிக்க பிராண்டின் பெயர் அது. எங்கள் ஊரில் பொருளுக்கே பெயராகிவிட்டது. அந்தக் காலத்து முத்துப் பளபளப்பு எதிலிருந்து வந்தது என்று படித்தபோது அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். மீன் செதிலிலிருந்து. செதிலுக்கு வெள்ளி மினுக்கம் தருவது குவானின் என்ற பொருள். அதைப் பிரித்தெடுத்துத்தான் போலி முத்துக்கும் பூச்சுக்கும் சேர்த்தார்கள். இப்போது பெரும்பாலும் மைக்கா தூளின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடு பூசிப் போடுகிறார்கள். அம்மா முறத்தில் ஒட்டியிருந்த ஒரு சாளைச் செதிலை நகத்தால் கிள்ளி எடுத்து, என் விரல்மேல் வைத்துப் பார்த்தார். அதே மினுக்கம்தான். முத்து வகை பூசும்போது பிரஷ் கோடு அப்படியே தெரியும். கடைசிப் பூச்சை நகத்தின் அடியிலிருந்து நுனி வரை ஒரே நேர் இழுப்பாக இழுங்கள், திரும்பத் தொடாதீர்கள்.

காந்த வகையில் இரும்புத் துகள் கலந்திருக்கும், காந்தம் அதை இழுத்துக் கோடு விழ வைக்கும். ஒரு நகம் பூசி, ஈரம் காய்வதற்குள் காந்தத்தை ஒட்டாமல் மேலே பிடித்துப் பதினைந்து விநாடி இருக்க வேண்டும். அப்புறம் அடுத்த நகம். பெட்டியில் வரும் காந்தத்தைத் தொலைத்துவிட்டுப் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வைத்துப் பார்த்தேன், கோடு கலங்கிப்போனது. தண்ணீரில் நிறம் சொட்டிக் கோலம் இழுக்கும் முறைக்கு எங்கள் போர்வெல் தண்ணீர் சரிப்படவில்லை. கேன் தண்ணீர், அறைச் சூட்டில் இருப்பது, நன்றாகப் பரவுகிறது.

நானே யோசித்துப் பூசியது ஒன்று உண்டு. தனுஷ்கோடிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் அடங்கிக் கிடக்கும் பெண் கடல், மறுபக்கம் அலையடிக்கும் ஆண் கடல். பாத்திரம் கழுவும் புது ஸ்பாஞ்சில் நகத்தளவு ஒரு துண்டு வெட்டி, ஓரமாக வெளிர் பச்சை, அதை ஒட்டி அடர் நீலம் பூசுங்கள். ஸ்பாஞ்ச் முதல் நிறத்தை உறிஞ்சிவிடும், அதனால் ஒரு தடவை காகிதத்தில் ஒற்றிவிட்டு மறுபடி பூசி நகத்தில் ஒற்றுங்கள். அடியில் வெள்ளை பூசியிருந்தால் நிறம் பளிச்சென்று வரும். இரண்டு கடலும் சேரும் இடத்தில் கோடு தெரியக் கூடாது என்றால், ஒற்றும்போது ஸ்பாஞ்சை ஓர் இழை மேலும் கீழும் நகர்த்துங்கள். மேலே டாப் கோட் என்ற நிறமில்லாத கடைசிப் பூச்சைப் போட்டதும் சொரசொரப்பு அடங்கிவிடும்.

அண்ணியின் பாடு வேறு. நண்டுச் சதை எடுக்கும் இடத்தில் நகத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது. முதல் பெட்டி வந்தபோது, "இதை எங்கத்தா நான் போடுறது, வாசல்லயே நிப்பாட்டிருவாக" என்றார். தோழிக்கோ, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும்போது தண்ணீர் நகத்தில் பட வேண்டும். தொழுகை இல்லாத நாட்களில்தான் பூசுவாள், மற்ற நாளில் மருதாணி. இரண்டு பேருக்கும் ஒரே வழி கிடைத்தது: பிள்ளைகள் கைவேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசை. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்து பேஸ் கோட்டுக்குப் பதிலாக மெல்லிசாகப் பூசி, கண்ணாடி போல் ஆகும்வரை காய விட்டு, மேலே நிறம். மினுமினு தூள் வகைக்கு இதைவிட நல்லது இல்லை. இல்லாவிட்டால் ரிமூவர் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து, பிரியாணிப் பொட்டலத்து வெள்ளித்தாளைச் சுற்றி ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

அண்ணி சனிக்கிழமை இரவு பூசுவார். ஞாயிறு முழுக்க மயில்கழுத்து நீலம். மாலையில் வெந்நீரில் விரலைப் பத்து நிமிடம் வைத்து, ஓரத்தை ஈர்க்குச்சியால் நெம்பினால் ஒவ்வொன்றும் முழுசாகக் கழன்று வரும். வலித்து இழுத்தால் நகமும் சேர்ந்து உரியும், விடாப்பிடியாக இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் ஊறட்டும். கழன்றதையெல்லாம் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடுங்கள். வாசலில் உதறினால் அந்த மினுக்கெல்லாம் காற்றோடு கடலுக்குத்தான் போகும்.