ரன்-ஃபிளாட் டயர் போடலாமா? கொழும்பில் கார் ஓட்டுபவர் முடிவெடுக்கும் வழி

போன ஐப்பசி மழைக்குள் அக்கா பிள்ளைகளோடு வத்தளையிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார். பேலியகொடை தாண்டும்போது டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. இரவு ஒன்பது மணி. இறங்கிப் பார்த்தால் நான்கு டயரும் நன்றாகவே நிற்கின்றன. என்னோடு போனில் கதைத்துவிட்டு மெதுவாக ஓட்டி வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தார். காலையில் பார்த்தால் பின்பக்க டயரில் ஒரு ஸ்க்ரூ ஆணி, உள்ளே காற்றே இல்லை. அது, காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர் என்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும்.

டயர் கடையில், "இதை ஒட்ட முடியாது, மாற்ற வேண்டும்" என்றார்கள். விலையைக் கேட்டு அக்காவுக்கு முகமே மாறிவிட்டது. திரும்பவும் அதையே போடுவதா, சாதாரண டயருக்கு மாறுவதா? நாங்கள் இருவரும் இருந்து யோசித்த ஒழுங்கில் இதை எழுதுகிறேன்.

முதலில், உங்கள் காரில் இருப்பது எது?

சாதாரண டயரில் காரின் பாரத்தைத் தாங்குவது காற்று. ரன்-ஃபிளாட்டில் பக்கச்சுவருக்குள் தடித்த ரப்பர் வைத்துப் பலப்படுத்தியிருப்பார்கள். காற்றுப் போனாலும் அந்தச் சுவர் கொஞ்ச நேரம் பாரத்தைத் தாங்கும். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாமல் 80 கி.மீ. தூரம். கார் நிறைய ஆட்களும் சாமானும் இருந்தால் அது குறையும். உங்கள் டயருக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும்.

டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். பிரிஜ்ஸ்டோன் என்றால் ஆர்எஃப்டி, மிஷெலின் என்றால் இஸட்பி, கொன்டினென்டல் என்றால் எஸ்எஸ்ஆர், குட்இயர் என்றால் ஆர்ஓஎஃப் என்று போட்டிருக்கும். அளவு எழுதிய இடத்தில் 225/50 ஆர் 17 என்பதற்குப் பதிலாக 225/50 ஆர்எஃப் 17 என்று இருந்தாலும் அதுதான். டிக்கியில் ஸ்பெயார் வீல் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பஞ்சர் துளையை அடைக்கும் திரவப் போத்தலோடு மட்டும் வரும் கார்களும் நிறைய இருக்கின்றன.

இரண்டாவது, காற்றழுத்த எச்சரிக்கை வேலை செய்கிறதா?

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. காற்றுப் போன ரன்-ஃபிளாட் சப்பையாகத் தெரியாது. அக்கா இறங்கிப் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லையே. எச்சரிக்கை விளக்கு இல்லாத காரில் இதைப் போட்டால், காற்றில்லாமலே கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் 100இல் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். சில கார்களில் ஒவ்வொரு வீலுக்குள்ளும் சென்சர் இருக்கும். சிலவற்றில் சக்கரம் சுற்றும் வேகத்தின் வித்தியாசத்தை வைத்து கார் கண்டுபிடிக்கும். இந்த இரண்டாவது வகையில், காற்று அடித்த பிறகு கையேட்டில் சொன்னபடி ரீசெட் செய்ய வேண்டும். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, நீங்கள் ஓடும் பாதையை 80 கி.மீ.யால் அளந்து பாருங்கள்

என் கணிப்பில் முடிவு இங்கேதான் கிடைக்கிறது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, வத்தளை, தெஹிவளை, நீர்கொழும்பு என்று ஓடுபவருக்கு 80 கி.மீ. தாராளம். எங்கே ஆணி குத்தினாலும் வீடு வரலாம், மறுநாள் ஆறுதலாக டயர் கடைக்குப் போகலாம். காலி வீதியில் மாலை நெரிசலுக்குள், ஒரு பக்கம் பஸ்ஸும் மறுபக்கம் த்ரீவீலுமாக, ஜாக்கி போட்டு வீல் மாற்றுவது எவ்வளவு ஆபத்து என்று செய்து பார்த்தவருக்குத் தெரியும். இரவில் தனியாக ஓட்டும் பெண்களுக்கும், வீல் நட்டைக் கழற்ற உடம்பு இடம் கொடுக்காத வயதானவர்களுக்கும் இந்த ஒரு நன்மைக்காகவே இதைச் சொல்வேன்.

யாழ்ப்பாணம் போகிறவருக்கு நிலைமை வேறு. ஏறத்தாழ 400 கி.மீ. பாதை. 80 கி.மீ.க்குள் புத்தளமோ அநுராதபுரமோ வவுனியாவோ வந்துவிடும், அது பிரச்சினை இல்லை. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு உங்கள் அளவு ரன்-ஃபிளாட் கிடைக்க வேண்டுமே! ரன்-ஃபிளாட் போட்ட வேறொரு காரில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போனபோது எங்களுக்கு இதுதான் நடந்தது. புத்தளத்தில் மூன்று கடை ஏறி இறங்கி, கடைசியில் கொழும்பிலிருந்து பஸ்ஸில் டயர் வரும்வரை ஒரு இரவு தங்கினோம். சாதாரண டயராக இருந்து ஸ்பெயாரும் இருந்திருந்தால், அரை மணித்தியாலத்தில் மாற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

நான்காவது, டயர் கடையில் கேட்க வேண்டியவை

நடுப்பகுதியில் சின்ன ஆணி குத்தி, காற்றுக் குறைவதற்கு முன்பே கண்டுபிடித்தால் ஒட்டலாமா என்பது டயர் கம்பனியைப் பொறுத்தது. சிலர் சம்மதிப்பார்கள், சிலர் வேண்டவே வேண்டாம் என்பார்கள். காற்றில்லாமல் ஓடிய டயரை ஒட்டக்கூடாது. வெளியே ஒரு கீறலும் இருக்காது, உள்ளே பக்கச்சுவர் வெந்து நைந்திருக்கும்.

அதனாலேயே செகண்ட் ஹாண்ட் ரன்-ஃபிளாட் வாங்காதீர்கள். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடிப் பழகிய நமக்கு, பட்டன் (தரையில் படும் வெட்டுகள்) நன்றாக இருக்கும் டயர் மலிவாகக் கிடைத்தால் கை நீளும். அது எத்தனை கிலோமீற்றர் காற்றில்லாமல் ஓடியது என்று பார்த்துச் சொல்ல வழியே இல்லை.

இந்த டயரின் சுவர் விறைப்பானது. ரிம்மிலிருந்து கழற்றிப் பூட்ட, உதவிக் கை வைத்த மெஷின் வேண்டும். இருக்கிறதா என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டே போங்கள், இல்லாத இடத்தில் இழுத்துப் பிடித்தால் ரிம் கீறும். விலையையும் அதே அழைப்பில் கேளுங்கள், சாதாரண டயரின் விலையோடு சேர்த்து.

ஐந்தாவது, ஓட்டிப் பார்த்தல்

தண்ணீர்க் குழாய்க்காக வெட்டி மூடிய ஒழுங்கைகளில் ரன்-ஃபிளாட் தடதடக்கும். குழியின் அடியை டயர் உள்வாங்குவது குறைவு, மிச்சம் ரிம்முக்கும் ஷொக் அப்சோர்பருக்கும் போகும். புதிய தலைமுறை டயர்கள் முன்னையவற்றைவிட மென்மை. முதுகு வலி உள்ளவர் வீட்டில் இருந்தால் அவரைப் பின் இருக்கையில் இருத்தி ஓட்டிப் பாருங்கள்.

சாதாரண டயருக்கு மாறுவதென்றால்

நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள், இரண்டு வகையையும் கலக்க வேண்டாம். அளவு, பாரக் குறியீடு, வேகக் குறியீடு மூன்றும் கையேட்டில் உள்ளபடி இருக்கட்டும். ரன்-ஃபிளாட் இருந்த ரிம்மில் சாதாரண டயர் தாராளமாகப் பூட்டலாம். எல்லா ரிம்முக்கும் ரன்-ஃபிளாட் பொருந்தாது, அதனால் எதிர்ப்பக்கம் மாறுபவர்கள் ரிம்மைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு ஸ்பெயார் வீல், ஜாக்கி, வீல் ஸ்பானர் மூன்றையும் டிக்கியில் வையுங்கள். டிக்கியில் குழி இல்லாத காரில் இடம் போகும், வீலை அசையாமல் கட்டவும் வேண்டும். திரவப் போத்தலும் சின்னப் பம்பும் மட்டும் போதும் என்று நினைத்தால், அது நடுப்பகுதியில் விழுந்த சிறு துளைக்குத்தான். பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது. போத்தலில் காலாவதித் திகதி உண்டு, பாருங்கள்.

அக்கா ரன்-ஃபிளாட்டையே திரும்பப் போட்டார். அவருடைய ஓட்டம் வத்தளைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில்தான். விளக்கு எரிந்தால் செய்ய வேண்டியதை ஒரு துண்டில் எழுதி சன் வைசரில் செருகியிருக்கிறேன்: வேகத்தைக் குறை, ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்கு, சடாரென்று பிரேக் அடிக்காதே, வேகத்திலும் தூரத்திலும் 80ஐத் தாண்டாதே. ஊருக்குப் போகும்போது என் காரில் போகிறோம். அதில் சாதாரண டயர், டிக்கியில் முழு அளவு ஸ்பெயார். புறப்படும் நாள் விடிய, டயர் சூடாகும் முன்பே, பக்கத்துப் பெற்றோல் செட்டில் ஐந்து வீலுக்கும் காற்றுப் பார்த்துவிடுவேன்.