பாமினியில் அடித்த காணி உறுதி

உப்புவெளிக் காணி உறுதியின் தட்டச்சுப் பிரதியைக் கனடாவில் இருக்கும் அண்ணாவுக்கு அனுப்பினேன். "என்னடா, ஒரே ஆங்கில எழுத்தாக் கிடக்கு?" என்றார். பாமினி என்ற தமிழ் எழுத்துருவில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வரும்படி அடித்த வேர்ட் கோப்பு. அவருடைய கணினியில் அந்த எழுத்துரு இல்லை. 'அ' வரவேண்டிய இடமெல்லாம் 'எம்', 'ம' இருந்த இடத்தில் 'கே'.

சரி என்று வேர்ட் போன்ற லிப்ரே ஆபிஸ் மென்பொருளை இறக்கினேன். இலவசம். அதில் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்தால் எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே போய்விடும்.

பிடிஎஃப்பைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டுவதில்தான் கவனம் வேண்டும். அங்கே இரண்டு கடவுச்சொற்கள். முதலில் அனுமதிக்கான (அச்சிடுவது, திருத்துவது போன்றவற்றைக் கட்டுப்படுத்தும்) கடவுச்சொல்லை மட்டும் போட்டேன்; யார் வேண்டுமானாலும் திறந்து வாசிக்கலாம்! உறுதியில் அம்மாவின் அடையாள அட்டை இலக்கம் வேறு இருந்தது. அப்புறம் திறப்பதற்கான கடவுச்சொல்லையும் போட்டு, அதை மின்னஞ்சலில் எழுதாமல் தொலைபேசியில் சொன்னேன். அண்ணா அன்றிரவே முழுவதும் வாசித்துவிட்டார்.