ஜிப்சம் மண்ணும் கசிந்த குழாயும்

சுவர் மூலையில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். தோண்டினால் கடப்பாரை 'டங்' என்கிறது, மண் அவ்வளவு கெட்டி. ஒரு கட்டியை டம்ளர் தண்ணீரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பொலபொலவென்று சரிந்துவிட்டது. துகள்களை ஒட்டிப் பிடித்திருந்தது ஜிப்சம், அதாவது நீரேறிய கால்சியம் சல்பேட். ஒரு லிட்டர் தண்ணீர் அதில் 2 கிராமுக்கு மேல் கரைக்கும். அடியில் ஒரு குழாயோ மாதக்கணக்கில் கசிந்திருக்கிறது!

நான் செய்த தப்பு ஒன்று. ஈரப்பதம் பார்க்க மண்ணை 110 டிகிரி செல்சியஸில் உலர்த்தினேன். ஜிப்சத்தின் படிகத்துக்குள்ளேயே கட்டுண்ட நீரும் சேர்ந்து போய் ஈரப்பதக் கணக்கு எகிறியது. 60 டிகிரியில் மறுபடி உலர்த்தியதும் சரியாக வந்தது.

மண்ணில் சாதாரண சிமென்டோ சுண்ணாம்போ கலக்கலாம் என்றார் மேஸ்திரி. வேண்டாம் என்றேன். சல்பேட்டும் களிமண்ணின் அலுமினாவும் சுண்ணாம்போடு சேர்ந்தால் எட்ரிங்கைட் என்ற பருக்கும் படிகம் உருவாகி மண் உப்பும். இறங்கிய சுவர் அப்புறம் எழும்பும்.

குழாயைச் சுவரைவிட்டுத் தள்ளி மாற்றினோம். அஸ்திவாரத்தடியில் ஒரு மீட்டர் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்று தோண்டி, ஜிப்சம் இல்லாத கெட்டி அடுக்குவரை சல்பேட் தாங்கும் சிமென்டில் கான்கிரீட் இறக்கினோம். சுற்றிலும் தண்ணீர் வெளியே ஓட, வெளிப்பக்கம் சரிவான தளம். விரிசலின் குறுக்கே ஒட்டிய கண்ணாடித் துண்டு, இரண்டு மழைக்காலம் போயும் உடையவில்லை; சுவர் அசையவில்லை என்று அர்த்தம்.