பனிக்காலத்தில் பழைய பைக்கைக் கழற்றி மாட்டுவது எப்படி: முதல் முறையாக ஸ்பேனர் பிடிப்பவர்களுக்கு

பனி விழத் தொடங்கி, அதை உருக்கச் சாலையில் உப்பும் தூவ ஆரம்பித்துவிட்டால் பழைய பைக்கை வெளியே எடுக்காதீர்கள். அந்த உப்புத் தண்ணீர் ஸ்போக், சைலன்சர், பிரேம் என்று எதையும் விட்டுவைக்காது. எப்படியும் மூன்று நான்கு மாதம் வண்டி ஷெட்டில்தான் நிற்கப்போகிறது, வேலை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நாளைக் காலையில் வண்டி வேண்டுமே என்ற நெருக்கடி இல்லை. ஒரு நட்டு கழலவில்லை என்றால் அப்படியே விட்டுவிட்டு, ஆயில் அடித்து ஊறவைத்து, மறுநாள் வந்து பார்க்கலாம்.

நேரம் நிறைய இருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. என் முதல் பனிக்காலத்தில் கார்புரேட்டர், முன் பிரேக், என்ஜின் பக்க மூடி மூன்றையும் ஒரே வாரத்தில் கழற்றிவிட்டேன். திருகுகளையெல்லாம் ஒரே டப்பாவில் போட்டேன். இரண்டு மாதம் கழித்து மாட்ட உட்கார்ந்தபோது எது எங்கே போகும் என்று தெரியவில்லை. பக்க மூடியின் திருகுகள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் நீளம் வேறு வேறு. நீளமானதை ஆழம் குறைந்த துளையில் போட்டு முறுக்கியதில் என்ஜின் கேஸில் அந்த இடம் விரிந்துவிட்டது. அலுமினியம், வெல்டிங்தான் வைக்க வேண்டியிருந்தது. அதற்கப்புறம் ஒரு விதியை விடாமல் பிடித்திருக்கிறேன்: ஒரு பகுதியைக் கழற்றினால், அதை மாட்டி முடிக்கும்வரை அடுத்த பகுதியைத் தொடுவதில்லை. கீழே சொல்லியிருக்கும் வரிசையும் அப்படித்தான். ஒவ்வொரு படி முடிந்ததும் வண்டி முழு வண்டியாக இருக்கும்.

1970-களிலிருந்து 1990-கள் வரை வந்த, கார்புரேட்டர் வைத்த, காற்றிலேயே குளிரும் என்ஜின் உள்ள வண்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். உங்கள் வண்டிக்கான சர்வீஸ் மேனுவலை எப்படியாவது தேடி எடுத்துவிடுங்கள். இங்கே நான் சொல்லும் அளவும் மேனுவலில் இருக்கும் அளவும் வேறுபட்டால், மேனுவல் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: நிறுத்துவதற்கு முன் ஆயிலை மாற்றுங்கள்

பலர் ஆயிலை வசந்தத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஓடிய ஆயிலில் ஈரமும், பெட்ரோல் எரிந்ததில் உண்டான அமிலமும் கலந்திருக்கும். அது மாதக்கணக்கில் பேரிங் மேல் உட்கார்ந்திருப்பது நல்லதில்லை. கடைசியாக ஒரு முறை நன்றாக ஓட்டி, என்ஜின் சூடாக இருக்கும்போதே வடித்துவிடுங்கள். சூட்டில்தான் அழுக்கும் சேர்ந்து இறங்கும், கை சுடும் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் டேங்கைப் பொறுத்தவரை இரண்டு வழி. டேங்கைக் கழற்றும் எண்ணம் இல்லை என்றால் வாய்வரை நிரப்பி, பெட்ரோல் கெடாமலிருக்க ஸ்டெபிலைசர் சேர்த்து, சிறிது தூரம் ஓட்டி நிறுத்துங்கள். உள்ளே காற்றுக்கு இடமில்லாவிட்டால் ஈரம் படியாது, துருவும் ஏறாது. கழற்றத்தான் போகிறீர்கள் என்றால் முழுவதும் வடித்து, உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டு எல்லாப் பக்கமும் படும்படி டேங்கைச் சுழற்றி வையுங்கள். பாதி டேங்க் பெட்ரோலோடு மட்டும் நிறுத்தாதீர்கள்.

படி 2: இடம்

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில், சமதளத்தில் நிறுத்துங்கள். வெளிச்சம் நிறைய வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாக ஊர்ந்து போகும். குளிருக்காகத் தீ எரியும் ஹீட்டரை மூலையில் வைத்துவிட்டு இந்தப் பக்கம் கார்புரேட்டரைத் திறந்தால் அந்த ஆவி ஹீட்டரைத் தேடிப் போய்ச் சேர்ந்துவிடும். பெட்ரோல் தொடர்பான வேலையைக் கதவைத் திறந்து வைத்து, ஹீட்டர் இல்லாமல், குளிரைப் பொறுத்துக்கொண்டு செய்யுங்கள். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது, ஒரு நிமிடம்கூட. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தலை சுற்றும்போதுதான் தெரியும், அதற்குள் காலம் கடந்திருக்கும்.

படி 3: அட்டை, போன், பேனா

இதற்கு ஸ்பேனரே தேவையில்லை, ஆனாலும் நான் மிக முக்கியமாக நினைக்கும் படி இது. எதையும் கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். தூரத்திலிருந்து ஒன்று, பக்கத்தில் ஒன்று, ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று தெரியும்படி ஒன்று. பக்க மூடி எதையாவது கழற்றும்போது, கெட்டியான அட்டைப் பெட்டித் துண்டில் அந்த மூடியின் வடிவத்தைப் பேனாவால் வரைந்துகொள்ளுங்கள். திருகு இருக்கும் இடங்களில் அட்டையில் ஓட்டை போட்டு, கழற்றிய திருகை அதே இடத்தில் குத்தி வையுங்கள். ஆறு மாதம் கழித்து வந்தாலும் எது நீளம் எது குட்டை என்று அட்டையே சொல்லிவிடும். எந்த ஒயர், எந்த வாஷர், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

படி 4: திருகைக் கெடுக்காமல் கழற்றுவது

பழைய ஜப்பானிய வண்டி என்றால் இதை நிதானமாகப் படியுங்கள். அதில் இருக்கும் பிளஸ் தலைத் திருகுகள் நாம் வீட்டில் வைத்திருக்கும் பிலிப்ஸ் ஸ்குரூடிரைவருக்கு உரியவை அல்ல, ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் செய்தவை. பிலிப்ஸின் முனை அந்தக் குழியில் அடிவரை போய் உட்காராது. அழுத்தித் திருப்பினால் வழுக்கி மேலே ஏறும், இரண்டு முறை வழுக்கினால் திருகின் தலை வட்டமாகிவிடும். பழைய என்ஜின் மூடிகளில் தலை சிதைந்த திருகுகள் இத்தனை இருக்க இதுவே பெரிய காரணம். ஜேஐஎஸ் ஸ்குரூடிரைவர் ஒரு செட் வாங்கிவிடுங்கள், முதலில் வாங்க வேண்டிய கருவி அதுதான்.

இரும்புத் திருகு அலுமினியத்துக்குள் பல வருடம் இருந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். துரு இளக்கும் ஆயிலை அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் ஸ்குரூடிரைவரைக் குழியில் பொருத்தி, அதன் பின்பக்கத்தில் சுத்தியலால் இரண்டு தட்டு. மரையில் பிடித்த துரு அந்த அதிர்விலேயே பெரும்பாலும் விட்டுக்கொடுத்துவிடும். அப்படியும் அசையவில்லையா, அடித்தால் தானே திரும்பும் இம்பாக்ட் டிரைவரை எடுங்கள். வெறும் பலத்தை மட்டும் நம்பாதீர்கள்.

படி 5: பேட்டரி

கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோங்கள். முதலில் கழற்ற வேண்டியது பிரேமோடு இணைந்த முனை, மாட்டும்போது அதுவே கடைசி. பெரும்பாலான வண்டிகளில் அது நெகட்டிவ், பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி முழு சார்ஜில், சில மணி நேரம் சும்மா இருந்த பிறகு 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 12.4-க்கு இறங்கினால் சார்ஜ் போடுங்கள். சார்ஜ் குறைந்த பேட்டரி கடும் குளிரில் உறைந்து வெடிப்பு விடும், முழு சார்ஜில் இருந்தால் அந்தப் பயம் இல்லை. மூடி திறக்கும் வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள்.

படி 6: கார்புரேட்டர்

ஒரு முழு நாளை இதற்கே ஒதுக்குங்கள். பழைய வண்டி ஸ்டார்ட் ஆக மறுப்பதற்கும், ஐட்லிங் நிற்காததற்கும், சோக்கை உள்ளே தள்ளியதும் அணைந்துபோவதற்கும் பெரும்பாலும் காரணம் இங்கேதான் இருக்கும்.

பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். வந்ததைச் சிறிது நேரம் அசைக்காமல் வைத்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கும், பழுப்புத் தூள் இருந்தால் அது டேங்கின் துரு. டேங்கில் துரு இருந்தால் கார்புரேட்டரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் மறுபடி அடைக்கும், முதலில் டேங்கைக் கவனிக்க வேண்டும்.

வண்டியிலிருந்து கழற்றி, கீழ்க் கிண்ணத்தைத் திறந்தால் ஃப்ளோட் என்ற மிதவை தெரியும். அதைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பியை மெதுவாகத் தள்ளி எடுங்கள், அது பொருந்தியிருக்கும் தூண்கள் எளிதில் உடையும். ஃப்ளோட்டுக்குக் கீழே இருக்கும் ஊசியின் ரப்பர் முனையை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். வட்டமாகப் பள்ளம் தட்டுப்பட்டால் ஊசி தேய்ந்துவிட்டது, பெட்ரோல் வழிவதற்கு அதுதான் காரணம், புதிது போடுங்கள்.

பக்கத்தில் இருக்கும், பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை வைக்கும் மிக்சர் திருகைக் கழற்றும் முன் அதை உள்பக்கமாகத் திருப்பி, எத்தனை சுற்றில் அடியில் போய்த் தொடுகிறது என்று எண்ணி அட்டையில் எழுதுங்கள். ஒன்றரைச் சுற்றோ இரண்டோ, எதுவாக இருந்தாலும் மாட்டும்போது அதே இடத்தில் வைக்கலாம். தொட்டதும் நிறுத்திவிடுங்கள், இறுக்கினால் ஊசி முனை கெட்டுவிடும்.

இப்போது ஜெட்கள், பெட்ரோல் போகும் துளை வைத்த சின்னப் பாகங்கள். பெரியது மெயின் ஜெட், மெல்லியது பைலட் ஜெட். பைலட் ஜெட்டை வெளியே எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் அதன் நடுவில் தெளிவான ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும், குண்டூசி குத்திய காகிதம்போல. மங்கலாகவோ பிறை வடிவிலோ தெரிந்தால் உள்ளே பழைய பெட்ரோலின் பிசின் இன்னும் ஒட்டியிருக்கிறது. எதுவும் தெரியாவிட்டால் முழு அடைப்பு. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, மறுபடி விளக்கில் பாருங்கள். இரும்பு ஊசியை விட்டுக் குடையவே வேண்டாம். ஜெட் பித்தளை, துளை கொஞ்சம் பெரிதானாலே பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவு மாறிவிடும். கிளீனர் அடிக்கும் முன் ரப்பர் பாகங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். ஒரு துளையில் அடித்தால் எங்கோ மறுபக்கத்திலிருந்து முகத்துக்கு நேராக வரும்.

புது கேஸ்கெட் போட்டு மாட்டுங்கள். என்ஜினையும் கார்புரேட்டரையும் இணைக்கும் ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள், அதன் வழியாகக் காற்று உள்ளே போனால் நீங்கள் செய்த வேலைக்குப் பலன் இருக்காது. மாட்டி முடித்ததும் பெட்ரோல் டேப்பைத் திறந்து பத்து நிமிடம் அப்படியே நின்று பாருங்கள். ஒரு சொட்டுக்கூட விழக் கூடாது. வண்டி ஓடும் நாள்வரை கிண்ணத்தை வடித்தே வைத்திருங்கள்.

படி 7: பிளக், டேப்பட்

பிளக்கைக் கழற்றும் முன் அதைச் சுற்றியிருக்கும் மண்ணை ஊதிவிடுங்கள், இல்லையென்றால் அது நேராக சிலிண்டருக்குள் விழும். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் என்ஜின் நன்றாக எரிகிறது. உலர்ந்த கருப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம், வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, ஆயில் பிசுபிசுப்பு என்றால் ரிங் அல்லது வால்வு பக்கம் தேய்மானம். புதுப் பிளக்கைக் கையாலேயே கடைசிவரை திருகி, அப்புறம் ஸ்பேனரில் அரைச் சுற்று போதும். கையால் போகவில்லை என்றால் மரை கோணலாக ஏறுகிறது, எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

டேப்பட் செட்டிங்கை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளியை, என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள், பனிக்காலத்தில் அதற்குக் குறைவில்லை. பிஸ்டன் மேலே வந்து, இரண்டு வால்வும் மூடி, ராக்கர்கள் இரண்டும் கையில் லேசாக ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் என்ஜினை இன்னொரு முழுச் சுற்று திருப்புங்கள். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு வெண்ணெயில் கத்தி போவதுபோல் லேசான இழுவையோடு போக வேண்டும். கொஞ்சம் தளர்வாக இருந்தால் டக் டக் என்று சத்தம் வரும், அவ்வளவுதான். இறுக்கமாக இருந்தால் சத்தமே வராது, வால்வு முழுதாக மூடாமல் மெல்ல எரிந்துபோகும். அதனால் சத்தமில்லாத டேப்பட்டைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

படி 8: பிரேக், செயின், டயர்

டிரம் பிரேக்கைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூளை ஊதாதீர்கள், பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், ஈரத் துணியால் துடையுங்கள். டிஸ்க் என்றால் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். பெயின்ட்டில் பட்டால் உரிந்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

செயினை மண்ணெண்ணெயில் துடைத்து, உலர்த்தி, செயினுக்கான லூப்ரிகன்ட் போடுங்கள். தளர்வைச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பல இடத்தில் பாருங்கள். செயின் ஒரே சீராகத் தேயாது, மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில்தான் அளவு வைக்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் 2000-க்கு முந்தைய டயர். பட்டன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள், ரப்பர் கல்லாகியிருக்கும்.

படி 9: முதல் ஸ்டார்ட்

பனி போய், சாலை உப்பை மழை ஒரு முறை நன்றாகக் கழுவிய பிறகு வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வாருங்கள். ஆயில் அளவைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி, அதன் கேப்பிலேயே மாட்டி, சிலிண்டரிலிருந்து கொஞ்சம் தள்ளி என்ஜினின் உலோகத்தைத் தொடும்படி வைத்து, இக்னிஷனை ஆஃப் செய்துவிட்டு பத்துப் பன்னிரண்டு முறை மெதுவாகக் கிக் செய்யுங்கள், ஆயில் மேலே ஏறட்டும். அப்புறம் பிளக்கை மாட்டி, டேப்பைத் திறந்து, சோக் போட்டு அடியுங்கள். பிடித்ததும் ஆக்சிலரேட்டரை முறுக்காமல் இரண்டு மூன்று நிமிடம் தானே சூடேற விடுங்கள்.

முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி, மெதுவாக, முன் பிரேக் பின் பிரேக் இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துப் பார்த்தபடி. திரும்பி வந்ததும் என்ஜின் ஆறும்வரை பொறுத்திருந்து, நீங்கள் கழற்றிய ஒவ்வொரு நட்டையும் அட்டையைப் பார்த்துப் பார்த்து ஒரு முறை தொட்டுச் சரிபாருங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை. அதுவரை ஸ்பேனர் செட்டை சீட்டுக்கு அடியிலேயே வைத்திருங்கள்.