ஒரே ஊசி, பல பாணிகள்: குரோஷே பின்னலுக்கு ஓர் அறிமுகம்

கொக்கி முனையுள்ள ஒரே ஊசியால் நூலைப் பின்னும் குரோஷேயைக் கற்க விரும்புவோரில் பலர் பஞ்சு அடைத்த குட்டிப் பொம்மையைத்தான் முதலில் பின்ன நினைக்கிறார்கள். வட்டமாகச் சுற்றிச் செல்லும் அந்தப் பின்னலில் ஒரு சுற்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது புதியவரின் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஆகவே, தட்டையான ஒரு சிறு சதுரத்தில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. பின்னும்போது ஊசியில் பெரும்பாலும் ஒரே ஒரு வளையம்தான் இருக்கும் என்பதால், தவறு நேர்ந்தால் அந்த இடம்வரை பிரித்துவிட்டு அச்சமின்றி மீண்டும் தொடரலாம்.

நடுத்தரப் பருமனுள்ள வெளிர் நிற நூலும், 4 அல்லது 5 மி.மீ. அளவுள்ள குரோஷே ஊசியும் போதும். கறுப்பு நூலிலும், பஞ்சு போல் புசுபுசுவென்றிருக்கும் நூலிலும் கண்ணிகளை, அதாவது பின்னலின் தனித்தனி அலகுகளை, எண்ண முடியாது. அவற்றை இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். முடிவில் நூல் முனைகளை மறைக்க, மழுங்கிய முனையும் பெரிய காதும் உள்ள தையல் ஊசி ஒன்றும் தேவைப்படும்.

சங்கிலியும் முதல் வரிசையும்

நூல் முனையில் ஒரு சாண் நீளம் விட்டு, இழுத்தால் இறுகும் சுருக்கு முடிச்சு ஒன்றைப் போட்டு ஊசியில் மாட்டுங்கள். நூலைக் கொக்கியின் மேல் சுற்றி, ஊசியிலிருக்கும் வளையத்தின் வழியே வெளியே இழுத்தால் ஒரு சங்கிலிக் கண்ணி கிடைக்கும். இவ்வாறு 16 கண்ணிகள் பின்னுங்கள். சுருக்கு முடிச்சையும், ஊசியில் மாட்டியிருக்கும் வளையத்தையும் கணக்கில் சேர்க்கக்கூடாது. தொடக்கத்தில் எல்லோருக்கும் சங்கிலி இறுகிவிடும். அதற்கு மட்டும் ஓர் அளவு பெரிய ஊசியைப் பயன்படுத்தினால் அடுத்த வரிசையில் கொக்கி எளிதாக நுழையும்.

இனி சிங்கிள் குரோஷே. ஊசியை ஒட்டிய முதல் சங்கிலியை விட்டுவிட்டு, இரண்டாவதில் கொக்கியை நுழைத்து, நூலைச் சுற்றி இழுங்கள். ஊசியில் இரண்டு வளையங்கள் இருக்கும். மீண்டும் நூலைச் சுற்றி, அவ்விரண்டின் வழியாகவும் ஒரே இழுப்பில் வெளியே கொண்டுவாருங்கள். வரிசை முடியும்போது 15 கண்ணிகள் இருக்க வேண்டும். பிறகு ஒரு சங்கிலி போட்டு, துணியைத் திருப்பி, முதல் கண்ணியிலிருந்தே அடுத்த வரிசையைத் தொடங்குங்கள். ஒவ்வொரு கண்ணியின் உச்சியிலும் இரண்டு இழைகள் தெரியும். அவ்விரண்டுக்கும் அடியில் கொக்கி நுழைய வேண்டும்.

சதுரமாக வரவேண்டிய துணி மேலே போகப்போகக் குறுகினால், வரிசையின் கடைசிக் கண்ணி விடுபடுகிறது என்று பொருள். இதற்கு ஒவ்வொரு வரிசையையும் எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை.

உயரமான கண்ணிகள்

டபுள் குரோஷேவில், கொக்கியை நுழைப்பதற்கு முன்பே நூலை ஒருமுறை சுற்றிக்கொள்ள வேண்டும். நுழைத்து இழுத்ததும் ஊசியில் மூன்று வளையங்கள் இருக்கும். நூலைச் சுற்றி இரண்டின் வழியே இழுத்து, மீண்டும் சுற்றி எஞ்சிய இரண்டின் வழியே இழுங்கள். மூன்றையும் ஒரே முறையில் இழுத்துவிட்டால் அது ஹாஃப் டபுள். டபுள் வரிசையின் தொடக்கத்தில் போடும் மூன்று சங்கிலிகளை வழக்கமாக முதல் கண்ணியாகவே கொள்வர். ஆகவே அடுத்ததை இரண்டாவது கண்ணியில் பின்னி, கடைசியை முந்தைய வரிசையின் மூன்று சங்கிலிகளின் உச்சியில் முடிக்க வேண்டும்.

நான் இங்கே குறிப்பிடுபவை அமெரிக்கப் பெயர்கள். பிரிட்டிஷ் முறையில், இங்கே சிங்கிள் எனப்படுவது டபுள் என்றும், இங்கே டபுள் எனப்படுவது ட்ரெபிள் என்றும் வழங்கும். எனவே, எந்த வடிவக் குறிப்பைப் பின்பற்றினாலும் அது எந்த நாட்டு முறை என்பதை முதலில் பாருங்கள்.

பாணிகள்

இந்த இரு கண்ணிகளும் கைவந்துவிட்டால் பெரும்பாலான பாணிகளுக்கு வழி திறந்துவிடும். மூன்று டபுள் கண்ணிகளைக் கொத்துக் கொத்தாக, நடுவிலிருந்து வெளிநோக்கிப் பின்னிச் சென்றால் கிரானி சதுரம். டபுள் கண்ணிகளையும் சங்கிலிகளையும் கொண்டு வலைக்கட்டங்கள் அமைத்து, சிலவற்றை நிரப்பியும் சிலவற்றை வெறுமையாக விட்டும் உருவம் வரைவது ஃபைலே. டுனிசியன் முறைக்கு மட்டும் நீண்ட ஊசி தேவை. ஒரு வரிசை முழுவதன் வளையங்களையும் ஊசியில் ஏற்றிக்கொண்டு, திரும்பி வரும்போது ஒவ்வொன்றாக இறக்க வேண்டும்.

ஐரிஷ் குரோஷேவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பெரும் பஞ்சம் தொடங்கியபோது, அங்குள்ள பெண்களுக்கு வருவாய் தந்த தொழில்களில் இந்த லேஸ் பின்னலும் ஒன்று. பூவையும் இலையையும் தனித்தனியே பின்னி, பிறகு வலைப்பின்னலால் இணைப்பார்கள். நம் பக்கத்து ஆந்திரத்தின் நரசாபுரத்திலும் 19-ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷனரிகள் வழியாக வேரூன்றிய குரோஷே லேஸ், இன்றும் பெண்களின் கைத்தொழிலாகத் தொடர்கிறது. 2024-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பொம்மைக்கு வருவோம். அமிகுருமி என்னும் இந்த ஜப்பானியப் பாணியில், நூல் வளையம் ஒன்றினுள் 6 சிங்கிள் கண்ணிகள் பின்னி, வளையத்தை இழுத்து மூட வேண்டும். அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டாகப் பின்ன 12 ஆகும். அதற்கடுத்து ஒன்றுவிட்டு ஒன்றில் இரட்டிக்க 18. சுற்றின் முதல் கண்ணியில் வேறு நிற நூல் துண்டு ஒன்றைச் செருகி வைத்தால் எண்ணிக்கை தவறாது. நூலின் உறையில் குறித்திருப்பதைவிட ஓர் அளவு சிறிய ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணிகள் நெருக்கமாக அமைந்தால்தான் உள்ளிருக்கும் பஞ்சு வெளியே தெரியாது.