முதல் பிம் மாதிரி: ஒரு சின்ன வீட்டைக் கணினியில் கட்டிப் பார்ப்போம்

தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில் கான்கிரீட் போட்டுச் சில வாரம் கழித்துப் போயிருந்தேன். கழிவறைக் குழாய்க்கு வழியில்லை என்று பீமின் அடியைக் கொத்தியிருந்தார்கள். கம்பி வெளியே தெரிந்தது. கொத்தனாரையோ பிளம்பரையோ குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பீம் ஒரு தாளில், குழாய் இன்னொரு தாளில். இரண்டையும் ஒன்றாக வைத்து யாருமே பார்க்கவில்லை.

அதைப் பார்க்கத்தான் பிம், அதாவது கட்டடத் தகவல் மாதிரி. கணினியில் படம் வரையும் ஆட்டோகேட் பிளானில் சுவர் என்பது வெறும் இரண்டு கோடு. பிம்மில் அது கனம், உயரம், பொருள் எல்லாம் உள்ள சுவர். ஜன்னலை நகர்த்தினால் பிளான், எலிவேஷன் (வெளித்தோற்றம்), செக்‌ஷன் (வெட்டுத் தோற்றம்) மூன்றுமே மாறும். அலுவலகங்களில் ரெவிட், ஆர்க்கிகேட் என்ற பிம் மென்பொருள்கள் ஓடுகின்றன. பழகுவதற்கு இலவச ஃப்ரீகேட் போதும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பிலிருந்து பிம் பகுதி அதன் உள்ளேயே இருக்கிறது.

படி 1: மட்டம். குலசேகரம், அருமனைப் பக்கம் சமதரையாக மனை கிடைப்பது அபூர்வம். தண்ணீர் டியூப் பிடித்து நான்கு மூலைக்கும் ரோட்டுக்கும் உள்ள உயர வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரோடு, தரைத்தளம், மாடி என்று மாதிரியில் தளங்களை முதலில் உண்டாக்குங்கள். இது தப்பினால் பின்னால் எல்லாமே தப்பும்.

படி 2: சுவர். வெளிச்சுவர் 230 மில்லிமீட்டர், உள்சுவர் 115. அப்புறம் கதவு, ஜன்னல். சுவரில் திறப்பு தானாகவே விழும்.

படி 3: பில்லர், பீம், ஸ்லாப். இன்ஜினியர் தந்த அளவையே போடுங்கள், நீங்களாக ஊகிக்க வேண்டாம். பீம் 450, ஸ்லாப் 120 என்றால், ஸ்லாபுக்குக் கீழே பீம் 330 மில்லிமீட்டர் தொங்கும்.

படி 4: குழாய். இங்கே அவசரப்படாதீர்கள். ஸ்லாபுக்கு அடியில் 110 மில்லிமீட்டர் குழாய் 4 மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். 1:60 சரிவுக்கு (60 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் இறக்கம்) அது 67 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். அந்த இறக்கத்தோடு ஒரு கோடு வரைந்து, அதைக் குழாயாக மாற்றுங்கள். இனி குழாயையும் பீமையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, ஃப்ரீகேட்டின் பார்ட் பகுதியில், இரண்டும் சேரும் இடத்தை மட்டும் எடுத்துத் தரும் பூலியன் இன்டர்செக்‌ஷனைக் கொடுங்கள். ஏதாவது துண்டு மிஞ்சினால், இரண்டும் மோதுகின்றன என்று அர்த்தம். பார்த்த பிறகு அந்தச் செயலை ரத்து செய்துவிடுங்கள். மோதினால் என்ன செய்வது? குழாய் கீழே இறங்கும் டக்ட் என்ற இடைவெளியை வேறு பக்கம் மாற்றலாம், கழிவறைத் தரையைத் தாழ்த்தலாம், அல்லது கான்கிரீட் போடும் முன்பே பீமில் ஸ்லீவ் (குழாய் நுழைய ஒரு உறைக்குழாய்) விடலாமா என்று இன்ஜினியரிடம் கேட்கலாம். தொழிலில் பிம் கொண்டுவந்த பெரிய மாற்றமாக நான் நினைப்பது இதைத்தான்: சைட்டில் உளியோடு நடந்த வாக்குவாதம் இப்போது மேசையிலேயே முடிகிறது.

படி 5: அளவு. 10 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரமுள்ள வெளிச்சுவர் மாதிரியில் 6.9 கனமீட்டர் என்று வரும். 1 மீட்டருக்கு 2.1 மீட்டர் கதவு வைத்ததும் 6.42 ஆகக் குறையும். ஒரு சுவரையாவது கையால் கணக்குப் போட்டு ஒத்துப்பாருங்கள்.

படி 6: ஐஎஃப்சி கோப்பாகச் சேமியுங்கள்; பல பிம் மென்பொருள்களுக்கும் பொதுவான கோப்பு வடிவம் இது. இன்ஜினியர் ரெவிட் வைத்திருந்தாலும் திறந்து பார்க்கலாம். குழாய் போகும் இடத்தின் செக்‌ஷனை மட்டும் தாளில் அச்சடித்து, சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை) அடிக்கும் முன் பிளம்பர் கையில் கொடுத்துவிடுங்கள்.