கல்லூரிக் குவார்ட்டர்பேக்கை எடைபோடும்போது ரசிகர்கள் சறுக்கும் இடங்கள்

2025 ஆகஸ்ட் 30 அன்று, அமெரிக்கன் ஃபுட்பாலின் கல்லூரி ஆட்டம் ஒன்றில், கொலம்பஸில் ஓஹாயோ ஸ்டேட்டிடம் டெக்சஸ் 14-7 என்று தோற்றது. தரவரிசையில் முதலிடத்தோடு சீசனைத் தொடங்கிய அணி டெக்சஸ். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் அதன் குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங் 30 முறை எறிந்ததில் 17 பந்துகள் போய்ச் சேர்ந்தன. 170 யார்டு, ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பது), ஒரு இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடுவது). முந்தின நாள் வரை, தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் "முதல் ஆள் இவன்தான்" என்று அடித்துப் பேசியவர்களே, ஆட்டம் முடிவதற்குள் "குவார்ட்டர்பேக்காக இருந்த தாத்தா, சித்தப்பாக்கள் பேரை வைத்து வண்டி ஓட்டுகிறான்" என்று கட்சி மாறிவிட்டார்கள்.

இரண்டு பேச்சுமே அவசரம்தான். அதற்கு முன் மேனிங் முதல் வரிசையில் இறங்கி ஆடியது இரண்டே ஆட்டம். அதை வைத்து மகுடம் சூட்டியது ஒரு தவறு. முந்தைய சீசனில் தேசியக் கோப்பையை வென்ற அணியை அதன் சொந்த மைதானத்தில் சந்தித்த ஒரே ஒரு மதியத்தை வைத்து மகுடத்தைப் பிடுங்கியது இன்னொரு தவறு.

இந்த வாதங்களைக் கேட்டால் ஒன்று புரியும். "பையன் நம் கல்லூரிக்கு நன்றாக ஆடுகிறானா?" என்பது ஒரு கேள்வி. "என்எஃப்எல்லில் நிலைப்பானா?" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான சாட்சியைக் கொண்டுவந்து இரண்டாவது வழக்கில் தீர்ப்பு எழுதுகிறோம். கீழே வரும் தவறுகள் பெரும்பாலும் அங்கிருந்தே கிளம்புகின்றன.

எண்களைப் பார்த்து மயங்குவது

ஹவாய் பல்கலைக்கழகத்தின் கோல்ட் பிரென்னன் 2006-இல் 58 டச்டவுன் எறிந்தார். அன்றைக்கு அது சாதனை. டிராஃப்ட்டில் ஆறாம் சுற்று வரை காத்திருந்தார். என்எஃப்எல்லின் வழக்கமான சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. வெஸ்டர்ன் கென்டக்கியின் பெய்லி ஸாப்பி 2021-இல் 62 எறிந்தார். நான்காம் சுற்றில்தான் எடுத்தார்கள். ஹூஸ்டனின் கேஸ் கீனம் கல்லூரி வாழ்க்கையில் 19,217 யார்டு எறிந்து உச்சத்தில் நிற்கிறார். அவரை 2012 டிராஃப்ட்டில் யாருமே எடுக்கவில்லை.

தட்டையான ஆடுகளத்தில், பலவீனமான பந்துவீச்சுக்கு எதிராக ரஞ்சியில் முந்நூறு அடித்தவரைப் பற்றி நாம் என்ன கேட்போமோ, அதையே இங்கும் கேட்க வேண்டும்: யாருக்கு எதிராக, எப்படிப்பட்ட ஆட்டமுறையில்? பல கல்லூரிகளில் பந்து கைக்கு வந்த நொடியே பக்கவாட்டில் நின்று பந்தைப் பிடிக்கும் ரிசீவருக்குப் போய்விடும். அவர் 40 யார்டு ஓடினால் அந்த 40-உம் குவார்ட்டர்பேக்கின் கணக்கில் ஏறும். ஆர்பிஓ என்று சொல்லும், ஓடுவதா எறிவதா என்பதைக் கடைசி நொடியில் முடிவுசெய்யும் ஆட்டமுறைக்கு விதிகளும் துணை. எறிவதற்கு முன், குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைன்மேன்கள் கல்லூரியில் 3 யார்டு வரை முன்னே போகலாம். என்எஃப்எல்லில் ஒரே யார்டுதான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2023-இல் பென் ஸ்டேட்டுக்கு எதிராக மிஷிகனின் ஜே.ஜே. மெக்கார்த்தி மொத்தமே 8 முறைதான் எறிந்தார், 60 யார்டு. கடைசியில் தொடர்ச்சியாக 32 முறை பந்தை ஏந்தி ஓடியே ஆட்டத்தை முடித்தது மிஷிகன், வென்றும் விட்டது. அந்த எண்ணைப் பார்த்து "எறியத் தெரியாதவன்" என்றவர்கள் அப்போது நிறையப் பேர். பயிற்சியாளர் கேட்காததை அவர் செய்யவில்லை, அவ்வளவுதான். அடுத்த டிராஃப்ட்டில் பத்தாவது ஆளாக மின்னசோட்டா எடுத்தது.

எறிதலை மதிப்பிடும் பாஸர் ரேட்டிங்கில் இன்னொரு குழி இருக்கிறது. கல்லூரிக்கும் என்எஃப்எல்லுக்கும் சூத்திரமே வேறு. கல்லூரியில் 160 என்பது நல்ல சீசன். என்எஃப்எல் கணக்கில் யாரும் 158.3-ஐத் தாண்டவே முடியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவரைப் பார்த்தால் பேச்சை மாற்றிவிடுவது நல்லது. அதேபோல, எறிவதற்கு முன்பே குவார்ட்டர்பேக்கைச் சாய்க்கும் "சாக்" நிகழ்வில் இழக்கும் யார்டுகளைக் கல்லூரியில் அவருடைய ஓட்டக் கணக்கில் கழிப்பார்கள். "ஓட்டத்தில் மைனஸ் 20" என்று பார்த்ததும் கால் வராத ஆள் என்று நினைக்க வேண்டாம்.

வெற்றி, தோல்வி முழுவதையும் ஒருவர் தலையில் கட்டுவது

மயாமியின் கென் டார்சி முதல் வரிசையில் இறங்கிய 40 ஆட்டங்களில் 38 வெற்றி. 2001-இல் தேசியக் கோப்பையும் வந்தது. 2003 டிராஃப்ட்டில் ஏழாம் சுற்று. அந்த 2001 அணியைப் பார்த்தால் காரணம் தெரியும்: பிற்பாடு என்எஃப்எல்லில் நட்சத்திரங்களானவர்கள் வரிசையாக நின்றார்கள்.

இப்போது 2016-இன் டெக்சஸ் டெக்கைப் பாருங்கள். சீசன் கணக்கு 5 வெற்றி, 7 தோல்வி. ஓக்லஹோமாவுக்கு எதிராக அதன் குவார்ட்டர்பேக் 734 யார்டு எறிந்தும் 66-59 என்று தோற்றார்கள். 59 புள்ளி எடுத்தும் தோற்ற அணியில் குறை எங்கே என்று சொல்லத் தேவையில்லை. "ஜெயிக்கத் தெரியாதவன்" என்ற முத்திரையைச் சுமந்த அந்த இளைஞர், பிற்பாடு என்எஃப்எல் நட்சத்திரமான பேட்ரிக் மஹோம்ஸ்.

விதிவிலக்கை விதியாக்குவது

எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். யார் குறி தவறி எறிந்தாலும், "ஜோஷ் ஆலனும் இப்படித்தான் இருந்தான்" என்று ஒரு குரல் வரும். உண்மைதான். வயோமிங் கல்லூரியில் ஆலனின் பந்துகளில் 56 சதவீதம்தான் போய்ச் சேர்ந்தது. என்எஃப்எல்லின் பஃபலோவில் முதல் வருடம் அதற்கும் கீழே போனது. 2020-இல் 69 சதவீதத்துக்கு ஏறினார், 2024-க்கான எம்விபி (லீக்கின் சிறந்த வீரர்) விருதும் வாங்கினார். ஆனால் அப்படி ஏறியவர்கள் மிகக் குறைவு என்பதால்தான் அந்தக் கதையை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஃபுளோரிடாவின் ஆந்தனி ரிச்சர்ட்சன் கல்லூரியில் முதல் வரிசையில் ஆடியது 13 ஆட்டம், எறிதல் 55 சதவீதத்துக்கும் கீழே. உயரம், வேகம், கைவலு எல்லாம் அசாதாரணம். ஆலன் கதையை நினைத்துக்கொண்டே ரசிகர்கள் நம்பினார்கள். 2023-இல் நான்காவது ஆளாக இண்டியானாபொலிஸ் எடுத்தது. 2024-இல் அவருடைய எறிதல் 47.7 சதவீதம், நடுவில் பெஞ்சிலும் உட்கார வைத்தார்கள்.

பிற்பாடு ஜாம்பவானான டாம் பிரேடியை 199-ஆவதாக எடுத்தார்கள் என்ற வசனமும் இதே ரகம். அதே ஆறாம் சுற்றில் வந்து காணாமல் போனவர்களின் பெயரை யாரும் சொல்வதில்லை.

"ஓடுகிறவன் எறியமாட்டான்"

இந்த வாக்கியத்துக்குப் பின்னால் நீண்ட, அழுக்கான வரலாறு இருக்கிறது. கறுப்பின குவார்ட்டர்பேக்குகளை ஆட்டத்தில் வேறு பொறுப்புக்கு மாறச் சொல்வது பல தலைமுறை வழக்கம். வாரன் மூன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்காக 1978 ரோஸ் பவுலை வென்று, அந்த ஆட்டத்தின் சிறந்த வீரராகவும் தேர்வானார். டிராஃப்ட்டில் ஒரு அணியும் கூப்பிடவில்லை. கனடாவுக்குப் போய் எட்மன்டனுக்காக கனடிய லீக்கின் கிரே கோப்பையை ஐந்து முறை வென்ற பிறகு 1984-இல் என்எஃப்எல்லின் ஹூஸ்டனுக்கு வந்தார். 2006-இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்.

அது பழைய காலம் என்று தள்ளிவிட முடியாது. 2016-இல் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய லூயிவில்லின் லமார் ஜாக்சனை ரிசீவராக மாறச் சொன்ன வல்லுநர்கள் 2018-லும் இருந்தார்கள். முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32-ஆவதாகப் போனார். அடுத்த வருடமே எம்விபி, 2023-இல் மறுபடியும். இரண்டு குவார்ட்டர்பேக்குகளைப் பற்றிப் பேசும்போது ஒருவருக்கு "புத்திசாலி", இன்னொருவருக்கு "உடல்வலு" என்ற சொல் மட்டும் வாயில் வந்தால், ஒரு நொடி நின்று ஏன் என்று கேட்டுக்கொள்ளலாம்.

மைதானமே வேறு என்பதை மறப்பது

ஆட்டத்தைத் தொடங்கப் பந்தை வைக்கும் ஹாஷ் கோடுகளுக்கு நடுவே கல்லூரியில் 40 அடி. என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஒரு ஓரமாக இருக்கும்போது மறுபக்கம் ஒரு பெரிய வெளி திறக்கிறது. தடுப்பாட்டக்காரர்கள் அதையும் காக்க வேண்டும். அங்கே தாராளமாகத் தெரிந்த ரிசீவர், என்எஃப்எல்லில் அரை நொடிதான் தெரிவார். ஆகவே ஹைலைட் வீடியோவில் யாருமே பக்கத்தில் இல்லாத ஆளுக்குப் போகும் 60 யார்டு பந்து அழகானது, ஆனால் எதிர்காலத்தைப் பற்றி அது அதிகம் சொல்வதில்லை.

பார்க்க வேண்டியது மூன்றாவது டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) 8 யார்டுக்கு மேல் தேவைப்படும் தருணம். ஓட்டம் உதவாது என்று எதிரணிக்கும் தெரியும். முதலில் பார்த்த ரிசீவர் அடைபட்டதும் கண் அடுத்தவரிடம் போகிறதா, இல்லை உடனே கால் ஓடத் தொடங்குகிறதா? தன்னைச் சாய்க்க வருகிறவரைப் பார்க்கிறாரா, மைதானத்தைப் பார்க்கிறாரா? சாக் ஆவதெல்லாம் லைன்மேன்கள் குற்றம் என்று விட்டுவிடவும் கூடாது. பந்தைப் பிடித்துக்கொண்டே நிற்கும் பழக்கம் பெரும்பாலும் கூடவே மேலே போகும்.

வயதையும் சேர்த்துப் பாருங்கள். கோவிட் காலத்தில் ஆடக் கொடுத்த கூடுதல் ஆண்டும், கல்லூரி மாறும் டிரான்ஸ்ஃபர் வசதியும் வந்த பிறகு 23, 24 வயதுக்காரர்கள் 19 வயதுப் பையன்களுக்கு எதிராக ஆடுகிறார்கள். போ நிக்ஸ் ஆபர்னிலும் ஓரிகனிலுமாக 61 ஆட்டங்களைத் தொடங்கிவிட்டுத்தான் டிராஃப்ட்டுக்கு வந்தார். அவருக்கு டென்வரில் முதல் வருடமே நன்றாகப் போனது, ஆகவே வயது ஒரு குற்றம் இல்லை. ஐந்தாம் வருடத்தில் வரும் திடீர் வளர்ச்சியைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு பார்த்தால் போதும்.

டிராஃப்ட் எண்ணைத் தீர்ப்பாக எடுப்பது

ஏப்ரல் வந்தால் மாதிரி டிராஃப்ட் பட்டியல்கள் குவியும். கொலராடோவின் ஷெடூர் சாண்டர்ஸை முதல் சுற்றில் போடாத பட்டியல் 2025-இன் தொடக்கத்தில் அரிது. 144-ஆவதாக, ஐந்தாம் சுற்றில் கிளீவ்லேண்ட் எடுத்தது. 2022-இல் கடைசி ஆளாக, 262-ஆவதாக வந்த ஐயோவா ஸ்டேட்டின் பிராக் பர்டியோ இரண்டே வருடத்தில் என்எஃப்எல் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் ஆடினார்.

எங்கே போய்ச் சேர்கிறார் என்பது எத்தனையாவது என்பதைவிடப் பெரிது. 2002-இல் முதல் ஆளாகத் தேர்வான டேவிட் கார், அப்போதுதான் பிறந்திருந்த ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணிக்குப் போனார். அந்த ஒரு சீசனில் அவரை 76 முறை சாய்த்தார்கள். 2017-இல் பத்தாவதாகப் போன மஹோம்ஸ், கன்சாஸ் சிட்டி பயிற்சியாளர் ஆண்டி ரீடின் கீழ், மூத்த குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் ஒரு வருடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, 2018-இல் 50 டச்டவுன் எறிந்தார். உங்கள் கல்லூரிப் பையன் டிராஃப்ட்டில் போனதும் முதலில் தேட வேண்டியது, அந்த அணியில் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் இடது டேக்கிள் யார், பயிற்சியாளர் அடுத்த வருடமும் அங்கே இருப்பாரா என்பதைத்தான்.